ஏழாம் கட்டிலுக்குக் காப்பி

பிள்ளைகளா,

உங்கள் மூன்று பேருக்கும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மூத்தவளுக்கு ‘ழ’வைக் கண்டால் மூச்சு வாங்கும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாகவே எழுதுகிறேன். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவன். பெரிய வாக்கியம் ஆரம்பித்தால் எனக்கே பாதி வழியில் பஸ் நின்றுவிடும்.

செம்பூர் முதியோர் இல்லத்தில் நான் காப்பி போட்ட கதையை நீங்கள் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். அம்மா சொல்ல ஆரம்பித்தால் நடுவில் சிரிப்பு வந்து கதையைக் கெடுத்துவிடுவாள். இதில் அவளுக்கும் பங்கு உண்டு, சிரிக்கட்டும். ஆனால் முழுக்கதையை யாராவது சொல்ல வேண்டுமே. நான் சொல்கிறேன்.

எண்பதுகள் பாதி ஓடியிருந்த நேரம். அதற்கு முன்னால் நான் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தேன். தோலின் நாற்றம் எனக்குப் பழகிவிட்டது. உங்கள் அம்மாவுக்குப் பழகவில்லை. “ஒண்ணு அந்தச் சட்ட உள்ள வரணும், இல்ல நீங்க வரணும். ரெண்டும் சேந்து வரப்படாது” என்று வாசலிலேயே நிறுத்திவிடுவாள். மழைக்காலத்தில் சட்டையில்லாமல் எத்தனை நாள் நிற்பது? பட்டறையை விட்டு மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் சேர்ந்தேன். இலை எடுத்தேன், பாத்திரம் தேய்த்தேன், கடைசியில் காப்பி அடுப்புக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த மெஸ்ஸுக்கு தினமும் ஒரு பெரியவர் வருவார். பேங்க்கிலிருந்து ரிட்டையரானவர். ஒல்லியான உடம்பு, கொஞ்சம் இழுப்பு உண்டு, கையில் எப்போதும் குடை. ஒருநாள் என் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும் கேட்டார்:

“செம்பூர்ல வயசானவாளுக்கு ஒரு இல்லம் நடத்தறோம். சமைக்க ஆள் இருக்கு. காப்பிக்குத்தான் ஆள் இல்லை. வரியா?”

அவர்தான் அந்த இல்லத்தின் செகரட்டரி. சமையலுக்கு யார் வந்தாலும் சரி, காப்பிக்கு மட்டும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நடத்தும் இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கவே போனேன்.

நல்ல இடம்தான். ஓட்டுக் கூரை போட்ட பழைய பங்களா. சுற்றிலும் வேப்பமரம். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் உரத் தொழிற்சாலையின் நெடி வரும், இந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் என் டிகாக்ஷன் மணம் வரும். உள்ளே பெரிய ஹாலில் பெண்களின் கட்டில்கள். வெளியே நீள வராந்தா. பின்பக்கத்து அறையில் தூங்கும் ஆண்கள் காலையில் எழுந்து வராந்தா பெஞ்சுக்கு வந்து, பேப்பரைப் பங்கு போட்டுப் படிப்பார்கள். ஒருவர் கையில் முதல் பக்கம், ஒருவர் கையில் விளையாட்டு, சண்டைக்காரர் கையில் நடுப்பக்கம்.

அவரவர் தம்ளர் அவரவர் வீட்டிலிருந்து வந்தது. கல்யாணச் சீரில் வந்தது, பேரன் பிறந்ததற்கு வந்தது என்று ஒவ்வொன்றிலும் ஏதாவது பெயர் வெட்டியிருக்கும். காலையில் எல்லாரும் தம்ளரை நிமிர்த்தி ஸ்டூலில் வைத்திருப்பார்கள். நான் கெட்டிலோடு வரிசையாக ஊற்றிக்கொண்டே போவேன். ஹாலை முடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவதற்குள் அங்கே ஒரு தாத்தா ஜன்னல் வழியாகத் தம்ளரை நீட்டிவிடுவார். ரெயில்வேயில் கார்டாக இருந்தவர். “ஓய், வண்டி லேட்டு!” என்று ஜன்னலுக்கு வெளியேயிருந்து கத்துவார். அவருக்கு மட்டும் முதல் தம்ளர் ருசி பார்க்க, இரண்டாவதுதான் குடிக்க.

அந்த ஜன்னலுக்கு உள்பக்கம்தான் ஏழாம் கட்டில். அதில் ஒரு மாமி. மாட்டுங்காவிலேயே நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர். இடுப்பு எலும்பு உடைந்து சரியாகச் சேராததால் தானாக எழுந்து நடக்க முடியாது. காப்பி விஷயத்தில் ரெயில்வே தாத்தாவுக்கு அவர்தான் சரியான போட்டி. “சிக்கரி ஜாஸ்தியாப் போட்டிருக்கேடா” என்று வாசனையிலேயே சொல்லிவிடுவார். நான் மாட்டுங்கா கடையில் வறுத்து அரைத்த பொடியைத்தான் வாங்கி வருவேன். ஒருநாள் பஸ் நெரிசலில் நேரமாகி, வழியில் சயனில் இறங்கி வேறு கடையில் வாங்கிவிட்டேன். ஒரு முழுங்கு குடித்தார். “இன்னிக்கு நீ மாட்டுங்கா போகலை” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கடை மாற்றவில்லை.

வெயில் காலம் வந்தது. அந்த மாமி ஒருநாள் “பாதி போடு” என்றார். சில நாளில் “ஒரு வாய் போறும்” என்றார். அப்புறம் ஒருநாள் நான் கட்டிலருகே போனபோது தம்ளர் கவிழ்ந்திருந்தது.

“என்ன மாமி, ஊத்தலையா?”

“வேண்டாண்டாப்பா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் பழியை என் மேல்தான் போட்டுக்கொண்டேன். பாலை மாற்றினேன். சிக்கரியைக் குறைத்தேன். பில்டரை வெந்நீர் விட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தேன். மற்றவர்கள் எல்லாம் “இன்னிக்கு ஜோர்” என்றார்கள். ஏழாம் கட்டில் தம்ளர் மட்டும் நிமிரவே இல்லை. அப்புறம் பார்த்தால் தண்ணீரும் வேண்டாம், மோரும் வேண்டாம். அந்த வேக்காட்டில் உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. வாரம் ஒரு தடவை வரும் டாக்டர் மாமியின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது. “தண்ணி குடிக்கணும் மாமி. இப்படியே போனா கிட்னி கெட்டுடும். அப்புறம் ஆஸ்பத்திரிதான்” என்றார். மாமி தலையை ஆட்டினார். டாக்டர் போனதும் தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்தார்.

காரணம் மறுநாள் காலையில் என் காதிலேயே விழுந்தது.

இல்லத்தில் முன்பு இரண்டு ஆயாக்கள் இருந்தார்கள். ஒருத்தி கல்யாணம் கட்டிக்கொண்டு நாசிக் பக்கம் போய்விட்டாள். மிஞ்சியவள் கோவண்டியிலிருந்து வருபவள். சொந்த ஊர் நம் பக்கம்தான், திருநெல்வேலிக்குத் தெற்கே. நல்ல உடல் பலம். ஒரு ஆளைக் குழந்தை மாதிரி தூக்கி உட்கார வைத்துவிடுவாள். வாய்தான் அதைவிடப் பலம். அன்றைக்கு மாமியின் விரிப்பு நனைந்திருந்தது. அதை உருவிக்கொண்டே பேசினாள்:

“குடிக்கிறது ஒரு மடக்கு, மோளுறது ஒரு பக்கெட்டு! ஏ கெழவி, எத்தன வாட்டிதான் ஒனக்கு விரிப்பு மாத்துறது? பெத்த மவன் கொண்டாந்து இங்கன தள்ளிட்டு நிம்மதியா போயிட்டான். எமன்கூட இந்தக் கட்டிலப் பாத்துட்டு மூக்கப் பொத்திக்கிட்டு அந்தால போறான். என் தலையெழுத்து, நான் போவ முடியல!”

மாமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஆறாம் கட்டில் அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். எட்டாம் கட்டில் ஜபமாலையை வேகமாக உருட்டியது. வராந்தாவில் பேப்பர்கள் எல்லாம் ஒரு சாண் உயர்ந்தன. நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஆக, விஷயம் இதுதான். குடித்தால் ஆயாவைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். அதற்குப் பதில் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று மாமி முடிவு செய்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஊர்க்காரிதானே, நல்லவிதமாகச் சொல்லிப் பார்ப்போம் என்று, ஆயாவுக்கு ஸ்ட்ராங்காக ஒரு காப்பி போட்டு, பின்பக்கம் துவைக்கும் தொட்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“தங்கச்சி, அந்த மாமிய அப்படிப் பேசாத. பாவம்லா. தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கா.”

அவள் காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். தம்ளரை என் கையில் கொடுத்தாள்.

“அண்ணாச்சி, நீங்க ஊத்துற காப்பி எங்கன போவுதுன்னு என்னைக்காவது யோசிச்சியளா? உள்ள போறது வரைக்கும் ஒங்க வேல. வெளிய வாறதுல இருந்து என் வேல. நல்ல வேலயா நீங்க எடுத்துக்கிட்டு எனக்குப் புத்தி சொல்ல வாறியளோ?”

காலித் தம்ளரோடு அடுப்புக்குத் திரும்பினேன். நியாயமான கேள்விதானே.

அடுத்து, செகரட்டரியிடம் போனேன். சட்டையில் பட்டன் எல்லாம் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, “ஸார், ஒரு சின்ன கம்ப்ளைண்ட்டு” என்று ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். அவர் நல்ல மனுஷன். உடனே கோபம் வந்துவிட்டது. நேரே ஹாலுக்குப் போய், எல்லார் எதிரிலும் ஆயாவைப் பிடிபிடி என்று பிடித்தார். “நாக்கை அடக்கலைன்னா சீட்டைக் கிழிச்சுடுவேன்!” இருமல் வந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். எங்கே முடிந்தது? அவர் கேட்டைத் தாண்டியதும் ஆயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏழாம் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“படுத்துக்கெடந்துக்கிட்டே கோள் சொல்லுதியோ? மகராசி, சொல்லு, சொல்லு. இனி கூப்பிட்டுப் பாரு, எந்த செகரட்டரி வந்து தூக்குதாருன்னு பாப்போம்.”

மாமி பாவம், ஒரு வார்த்தையும் யாரிடமும் சொன்னவரில்லை. அன்றைக்கு மாமி ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். உள்ளே இறங்கியது அவ்வளவுதான். கம்ப்ளைண்ட் கொடுத்து அவர் கணக்கில் இன்னும் கொஞ்சம் ஏச்சைச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் அம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். நான் முகத்தைத் தொங்கப்போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். எல்லாம் சொன்னேன்.

“ஏசினது ஆயா. சரி. பக்கத்துக் கட்டில்காரவிய என்ன செஞ்சாவ?”

“செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாவ.”

“வெளிய இருந்த ஆம்பளைய?”

“பேப்பர் படிச்சாவ.”

“நீங்க?”

“நான் காப்பி ஊத்திக்கிட்டு இருந்தேன், ஏளா.”

“அப்ப எல்லாருமா சேந்துதான் ஏசிருக்கிய” என்றாள். குடத்தை இறக்கி வைத்தாள். “இதுவே நம்ம சந்துன்னா இந்நேரம் குடத்தக் கவுத்திருப்போம்லா.”

குடம் கவிழ்ப்பது உங்களில் பெரியவர்களுக்கு மங்கலாக நினைவிருக்கும். தாராவியில் நம் சந்துக்கே ஒரே குழாய். விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். குடங்கள் வரிசையாக நிற்கும். வரிசை என்றால் சண்டை வரும், அது வேறு விஷயம். ஆனால் யாராவது ஒருத்தியை, அதிலும் வயதானவளை, வாய் கூசாமல் ஏசிவிட்டால் அதற்கு ஒரு முறை இருந்தது. ஏச்சு வாங்கியவள் பதில் பேசக் கூடாது. அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள்தான் தன் குடத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவள் கவிழ்ப்பாள். பிறகு அதற்கடுத்தவள். கடைசியில் வரிசை முழுக்கக் குடம் கவிழ்ந்திருக்கும். குழாய் பாட்டுக்கு ஓடும், யாரும் பிடிக்க மாட்டார்கள். ஏசியவளும் பிடிக்க முடியாது, வரிசை நகர்ந்தால்தானே. தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் ரோஷமாக நிற்பது? கடைசியில் அவளே “சரி, நிமித்துங்க” என்பாள். அந்த ஒரு சொல் போதும். மன்னிப்பு வேண்டாம், சத்தியம் வேண்டாம். குடங்கள் நிமிரும். அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

“அதுக்கு நான் என்ன செய்ய? அங்கன குடமும் இல்ல, குழாயும் இல்ல” என்றேன்.

“காப்பி இருக்குல்லா?” என்றாள் உங்கள் அம்மா.

மறுநாள் காப்பி ஊற்றும்போது இந்தக் குடம் கவிழ்க்கிற கதையை, சும்மா பொழுதுபோக்குக்குச் சொல்வது போல, கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆயா அப்போது பின்பக்கம் தொட்டியில் துவைத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் ‘உச்’ கொட்டிக் கேட்டார்கள். ஆறாம் கட்டில் அம்மாள் என்னைப் பார்க்காமல் போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் ரெயில்வே தாத்தாதான் காதில் கை வைத்து முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு என் உள்ளெண்ணம் புரிந்துவிட்டது.

“ஓய், தண்ணி வேற, காப்பி வேற!” என்றார். “தண்ணியைக் கவுக்கலாம். காப்பியை யாராவது கவுப்பாளோ?”

“நான் சும்மா கதைதான் தாத்தா சொன்னேன்.”

“சும்மாவா சொன்னே? சும்மா சொல்ற மூஞ்சியா இது?” என்று சொல்லிவிட்டு, தம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு குடித்தார். இரண்டாம் தம்ளரும் கேட்டு வாங்கினார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு காலையில் செகரட்டரி வருவார். வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து காப்பி குடிப்பார். அன்றைக்கும் குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆயாவுக்கு அவர் வந்தது தெரியாது. நான் கெட்டிலோடு ஹாலுக்குள் வந்து முதல் கட்டிலுக்குப் போகும்போது, அவள் ஏழாம் கட்டிலில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

“குடிக்காமலே இப்படி! குடிச்சா ஹாலே மெதக்கும்போல! கெழடு சாவவும் மாட்டேங்கு, என்னய வாழவும் விட மாட்டேங்கு…”

‘டங்’ என்று ஒரு சத்தம்.

ஜன்னல் கட்டையில் ரெயில்வே தாத்தாவின் தம்ளர் கவிழ்ந்திருந்தது. கவிழ்த்த கை இன்னும் அதன் மேலேயே இருந்தது. எடுத்தால் தானாக நிமிர்ந்துவிடுமோ என்ற பயம்போல அழுத்திப் பிடித்திருந்தார்.

அப்புறம் ஆறாம் கட்டில் அம்மாள், அதுவரை சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர், மெதுவாகப் புரண்டார். கையை நீட்டித் தன் தம்ளரைக் கவிழ்த்தார். எட்டாம் கட்டில் ஜபமாலையை மடியில் வைத்துவிட்டுக் கவிழ்த்தது. அதற்குப் பிறகு எனக்குக் கண்ணால் பின்தொடர முடியவில்லை. டங், டங் என்று ஹாலில் ஓடி, வாசல் தாண்டி, வராந்தா பெஞ்சு முழுக்க ஓடியது. நடுப்பக்கச் சண்டைக்காரர்கூடக் கவிழ்த்தார்.

ஏழாம் கட்டில் தம்ளர் எத்தனையோ நாளாகத் தனியாகக் கவிழ்ந்திருந்தது. அன்றைக்குத்தான் அதற்குத் துணை வந்தது.

செகரட்டரிக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து உள்ளே வந்தார். நேரே என்னைத்தான் பிடித்தார்.

“என்னப்பா இது? பால் திரிஞ்சுடுத்தா? டிகாக்ஷன்ல என்னத்தைக் கலந்தே?”

“காப்பி ஃபர்ஸ்ட் கிளாஸ்!” என்று ஜன்னலிலிருந்து தாத்தா கத்தினார். சொல்லும்போதே அவர் கண் கெட்டிலின் மேல் இருந்தது. “வாசனையே தாங்க முடியலை. ஆனா எங்களுக்கு வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

தாத்தா ஏழாம் கட்டிலைப் பார்த்துத் தாடையை அசைத்தார். ஆனால் ஒரு ஆளுக்கு மட்டும் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயா நனைந்த விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கவிழ்ந்த தம்ளர்களை ஒன்று விடாமல் பார்த்தாள். கோவண்டியிலும் குழாயடி உண்டு, அங்கேயும் நம் ஊர்ப் பெண்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். அவள் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, இது ஒங்க வேலதான?”

“நான் கதைதான் தங்கச்சி சொன்னேன்.”

“கதயா? குழாயடி வழக்கத்தக் கொண்டாந்து மாட்டுங்காக்காரவியளுக்குப் படிச்சிக் குடுத்திருக்கிய!” என்றாள். விரிப்பைத் தரையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். சலவைச் சோடாவில் தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் புண். “பாருங்க! எல்லாரும் நல்லாப் பாருங்க! ரெண்டு பேரு செஞ்ச வேலய ஒருத்தி செய்யுதேன். தொட்டியில தண்ணி தீருமுன்ன அத்தன விரிப்பையும் அலசணும். நான் ஏசுதேன், சரி. என்னய இந்தக் கெதிக்கு விட்டவியளுக்கு எதிரா யாரு குடத்தக் கவுத்தா?”

செகரட்டரிக்கு இப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் முன்போலவே கோபம் வந்துவிட்டது. “இன்னியோட நீ வேலைக்கு வர வேண்டாம்!” என்றார்.

அப்போதுதான் ஏழாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது. காய்ந்துபோன தொண்டை, அதனால் சத்தமே இல்லை. எல்லாரும் குனிந்து கேட்டோம்.

“அவளை அனுப்பிட்டா என்னை யார் தூக்குவா? நீங்க தூக்குவேளா?”

செகரட்டரி தன் கையைப் பார்த்துக்கொண்டார். குடையைத் தூக்கினாலே இழுப்பு வரும் அவருக்கு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஹாலே சிரித்தது. அவர்கூடச் சிரித்துவிட்டார்.

“அவ தூக்கறச்சே வலிக்கவே வலிக்காது. அந்த மாதிரி கை யாருக்கும் வராது” என்றார் மாமி. “பேச்சுதான் தாங்கலை. அது நின்னாப் போறும். அவளுக்கு ஒத்தாசைக்கு இன்னொருத்தியைப் போடுங்கோ.”

“ஆள் கிடைச்சாத்தானே மாமி! நான் தேடாம இருக்கேனா? இந்த வேலைக்கு யார் வரா?”

“என் வீட்டுக்காரி வருவா ஸார்” என்றேன்.

எப்படி அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

செகரட்டரி சரி என்று தலையாட்டினார். ஆனால் தம்ளர்கள் நிமிரவில்லை. எல்லார் பார்வையும் ஆயாவின் மேல் இருந்தது. கெட்டிலில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னல் கட்டையில் தாத்தாவின் விரல்கள் தம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தன. “அம்மா தாயே, சீக்கிரம் சொல்லு” என்று கெஞ்சாத குறை.

ஆயா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“சரி. நிமித்துங்க.”

தாத்தாவின் தம்ளர் நிமிர்ந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பின்னால் எல்லாமும் நிமிர்ந்தன. ஏழாம் கட்டில் தம்ளரை மட்டும் ஆயா தானே எடுத்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, நிமிர்த்தி வைத்தாள்.

நான் முதலில் அங்கேதான் போனேன். “பாதி போடு” என்றார் மாமி.

“முழுசா ஊத்துங்க அண்ணாச்சி” என்றாள் ஆயா. “வந்தா வரட்டும்.”

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தம்ளர்கள் கவிழ்ந்தது வரைக்கும் சந்தோஷமாகக் கேட்டாள். “என் வீட்டுக்காரி வருவா” என்ற இடம் வந்ததும் எழுந்து போனாள். என் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் இருந்த தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “யாரக் கேட்டுச் சொன்னிய?” தண்ணீரில்லாமல் சோறு இறங்கவில்லை. “சரி, நிமித்து” என்று நான்தான் சொன்னேன். அப்புறம்தான் சிரித்தாள். சின்னவன் அப்போது கைக்குழந்தை. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மறுவாரம் அம்மாவும் நானும் ஒரே பஸ்ஸில் செம்பூர் போனோம்.

அம்மாவும் ஆயாவும் முதல் நாளே மதினி, மதினி என்று ஒட்டிக்கொண்டார்கள். மெத்தைக்கு மேலே போட ரப்பர் விரிப்பு வந்தது, துவைக்கத் தண்ணீர் பிடித்து வைக்க இன்னொரு டிரம் வந்தது. ஆயாவின் கைப்புண் ஆறியது. வாய் முழுக்க அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். அது அவள் சொத்து, எங்கே போகும்? ஆளை விட்டுவிட்டுப் பொருளை ஏச ஆரம்பித்தாள். விரிப்பை ஏசினாள், டிரம்மை ஏசினாள், கொசுவை ஏசினாள், என் பில்டரையும் ஏசினாள். ஒருநாள் எட்டாம் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, “சனியனே, ஒன்னால ஒரு பிரயோசனம் உண்டா?” என்று கத்தினாள். ஆறாம் கட்டில் அம்மாளின் கை மெல்லத் தம்ளருக்குப் போனது. ஆயா பதறிவிட்டாள்.

“யம்மா, கவுத்துராதிய! நான் வெளக்குமாத்தத்தான் ஏசினேன்!”

மழை பிடித்த பிறகு ஒரு காலை. காப்பி ஊற்றி முடித்துக் கெட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பின்னால் ஏழாம் கட்டிலிலிருந்து குரல் கேட்டது. பழைய கணீர்க் குரல். வராந்தா தாண்டி வேப்பமரம் வரைக்கும் போயிருக்கும்.

“ஏண்டியம்மா! சீக்கிரம் வா! இவன் காப்பி வேலை செய்யறது!”

“வாரேன் மாமி, வாரேன்!” என்று பின்பக்கத்திலிருந்து பதில் வந்தது. “சித்த இறுக்கிப் பிடிங்க!”

ஜன்னலுக்கு வெளியே ரெயில்வே தாத்தா பச்சைக் கொடி காட்டுவதுபோலத் துண்டை ஆட்டினார். மாமி தம்ளரை மறுபடியும் என் பக்கம் நீட்டினார்.

“அவ வரதுக்குள்ள இன்னொரு வாய் ஊத்துடா.”